நனைந்த மைதானங்கள், ஒரு நோட்டுப் புத்தகம்

மற்ற ஊர்களில் மழைக்காலம் வந்தால் கிரிக்கெட் மட்டை பரணுக்குப் போய்விடும். மும்பையில் மழை பிடித்த பிறகுதான் ஒரு பந்தயமே தொடங்குகிறது. டாக்டர் ஹெச்.டி. காங்காவின் பெயரில் 1948இல் ஆரம்பித்த காங்கா லீக் அது. 'ஏ' முதல் 'ஜி' வரை ஏழு பிரிவுகள், பிரிவுக்கு 14 அணிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம். பிட்ச்சை மூடிவைக்கும் வழக்கம் கிடையாது. புல் கணுக்காலைத் தொடுகிற அளவுக்கு வளர்ந்திருக்கும். தரையோடு தரையாக அடித்த பந்து பத்துப் பதினைந்து அடி போய் சேற்றில் படுத்துக்கொள்ளும். ரன் வேண்டுமானால் தூக்கி அடிக்க வேண்டும், தூக்கி அடித்தால் காட்ச் கொடுக்க வேண்டும். இங்கே ஒருவர் 30 ரன் எடுத்தால் மற்ற இடத்தில் சதம் அடித்த மாதிரி மரியாதை.

இந்த லீகின் கடைசிப் பிரிவுகளில் ஆடுபவர்களைத் தேடிப் போய் கையெழுத்து வாங்குகிறார்கள் திலக் நகரைச் சேர்ந்த மூன்று நண்பர்கள். சினிமா நட்சத்திரங்களிடமோ டெஸ்ட் ஆட்டக்காரர்களிடமோ அல்ல. 'எஃப்' பிரிவில் எட்டாவது ஆளாக இறங்கி மூன்று ரன் எடுத்து, டென்ட்டில் ஈரக் காலுறையைப் பிழிந்துகொண்டிருப்பவரிடம்.

ஒருவர் மத்திய ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அடுத்தவர் பாங்க்கில் இருக்கிறார். மூன்றாமவர் செம்பூரில் கேட்டரிங் நடத்துகிறார். வண்டி அவருடையதுதான். வார நாட்களில் இட்லிப் பாத்திரமும் சாம்பார் வாளியும் ஏறும் அந்த வேகன் ஆரில் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஏறுகிறது. மூவரும் என்னைவிட மூத்தவர்கள். பக்கத்துக் கட்டடத்தில் குடியிருக்கும் எனக்கு ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை நாலாவது இருக்கை கிடைத்தது.

திலக் நகர் என்றால் பத்திரிகை படிக்கிறவர்களுக்குச் சோட்டா ராஜனின் பேட்டை. ரயில் பயணிகளுக்கு லோகமான்ய திலக் டெர்மினஸ். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் மூட்டை முடிச்சோடு வந்திறங்குகிற இடம். பழைய ஆட்கள் இன்னும் அதைக் குர்லா டெர்மினஸ் என்றுதான் சொல்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மூன்றாவது திலக் நகர் உண்டு. வீட்டு வசதி வாரியம் கட்டிய, எண்ணால் மட்டுமே அறியப்படும் கட்டடங்கள். படிக்கட்டில் மராத்தியும் குஜராத்தியும் மலையாளமும் தமிழும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் ஊர். அந்தக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபட்டு, அதே எண்ணோடு உயரமான கோபுரங்களாக எழுந்துகொண்டிருக்கின்றன. கட்டடங்களுக்கு நடுவில் டென்னிஸ் பந்தை உருட்டிய காலி இடங்களில் இப்போது கார்கள் நிற்கின்றன. ரயில்வே நண்பரின் பழைய வீடும் அப்படித்தான் போனது. வீட்டைக் காலி செய்கையில் பரணிலிருந்து இறங்கியது அவருடைய அப்பாவின் நோட்டு.

காக்கி அட்டை போட்ட நீளமான கணக்கு நோட்டு அது. அப்பா சென்னையிலிருந்து 1960களில் பம்பாய்க்கு வேலைக்கு வந்தவர். மாதுங்காவில் சக தமிழர்களோடு ஒரே அறையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடித்துவிட்டு மைதானத்துக்குப் போவதற்குக் காசு தேவைப்படவில்லை. அங்கே தாதர் யூனியன் கிளப்பின் ஆட்டம் நடக்கும். வாசு பராஞ்ச்பே அணித்தலைவர். பின்னாளில் அந்த அணிக்கு ஆடிய சுனில் கவாஸ்கருக்குச் 'சன்னி' என்று பெயர் வைத்தவர் அவர். இங்கிலாந்துப் பயணம் முடிந்து விமானத்தில் வந்திறங்கிய கவாஸ்கர், நேராகக் காங்கா லீக் ஆடப் போனார் என்பது மும்பை கிரிக்கெட் தன் பிள்ளைகளுக்குச் சொல்லும் நிரந்தரக் கதை.

நோட்டில் எண்பது, தொண்ணூறு பெயர்கள் இருக்கின்றன. முக்கால்வாசிப் பெயர்களை இன்று யாருக்கும் தெரியாது. மழையில் நனைந்து மை பரவி, எழுத்துகள் நீலப் பூச்சிகளாக மாறிவிட்ட பக்கங்களும் உண்டு. ஒரு பக்கத்தில் மட்டும் கையெழுத்தின் கீழே அப்பா தமிழில் எழுதி வைத்திருக்கிறார்: "8-16, 5-18. பாவி."

தமிழ்நாட்டு ரசிகர்களில் வயதானவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1972-73 ரஞ்சி இறுதி ஆட்டம், சேப்பாக்கம். சுழல் பந்துக்காகவே தயாரான பிட்ச். தமிழ்நாட்டிடம் வெங்கட்ராகவனும் வி.வி. குமாரும் இருந்தார்கள். பம்பாய் 151, 113 ரன்களுக்குச் சுருண்டது. ஆனால் தமிழ்நாடு எடுத்தது 80, 61. முதல் இன்னிங்ஸில் 16 ரன்னுக்கு 8 விக்கெட், இரண்டாவதில் 18 ரன்னுக்கு 5 விக்கெட். எடுத்தவர் பத்மாகர் ஷிவல்கர். பம்பாய் தொடர்ந்து 15ஆவது முறையாகக் கோப்பையை வென்றது. முதல்தர ஆட்டங்களில் 589 விக்கெட் எடுத்த ஷிவல்கர் இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. பிஷன் சிங் பேடி என்ற இன்னொரு இடது கைச் சுழல் பந்து வீச்சாளர் அதே காலத்தில் பிறந்து தொலைத்திருந்தார். கிரிக்கெட் வாரியம் 2017இல் சி.கே. நாயுடு விருது கொடுத்து ஒருவிதமாகக் கடனைத் தீர்த்தது. ஷிவல்கர் 2025 மார்ச்சில் காலமானார்.

"அப்பா அவரைக் கடைசிவரை மன்னிக்கவில்லை" என்கிறார் ரயில்வே நண்பர். "ஆனால் சிவாஜி பார்க்கில் பார்த்தபோது போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இரண்டும் வேற வேற விஷயமாம்."

நோட்டு கிடைத்தது ஒரு தற்செயல். அதைத் தொடரும் யோசனை வந்தது அமெரிக்காவிலிருந்து. பாங்க் நண்பரின் மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போனவரை, மாப்பிள்ளை ஒரு மாலை பிரிட்ஜ்வாட்டர் என்ற சின்ன ஊருக்கு பேஸ்பால் பார்க்கக் கூட்டிப் போனார். பெரிய லீக் அல்ல. நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு ஆள் தயாரிக்கும் கீழ்மட்ட அணிகளில் ஒன்று அங்கே ஆடுகிறது. அமெரிக்காவில் பெரிய அணி ஒவ்வொன்றுக்கும் இப்படிப் படிப்படியாக நான்கு அணிகள், மொத்தம் 120. ஆட்டம் தொடங்குமுன் வேலிக்கம்பி ஓரமாக ஒரு கூட்டம் நின்றது. பந்து, அட்டைப் படம், தொப்பி என்று ஆளுக்கொன்று நீட்டிக் கையெழுத்து வாங்கியது. நாலைந்து சிநேகிதர்கள் சேர்ந்து, ஒரு காரை எடுத்துக்கொண்டு, கோடை முழுதும் ஊர் ஊராக இப்படிப்பட்ட மைதானங்களுக்குப் போய் வருவது அங்கே ஒரு பொழுதுபோக்காம். இந்த ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் மேலே போகப்போவதில்லை என்பது வாங்குகிறவருக்கும் தெரியும், போடுகிறவருக்கும் தெரியும்.

அந்தக் கீழ்மட்டத்தில் நம் ஆட்கள் இருவரும் ஆடியிருக்கிறார்கள். தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் வேகமாகப் பந்தெறிந்து தேர்வான உத்தரப் பிரதேசத்து ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் 2008இல் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணியோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அவர்கள் கதை 2014இல் ஹாலிவுட் படமாகி, ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்தார். இருவரும் பெரிய லீகை எட்டவில்லை.

"அங்கே பார்த்தபோது நம்ம காங்கா லீக் ஞாபகம்தான் வந்தது. வேலி மட்டும்தான் இல்லை" என்கிறார் பாங்க் நண்பர். திரும்பி வந்து ரயில்வேக்காரரிடம் சொன்னார். அவர் பரணில் கிடைத்த நோட்டை எடுத்துக் காட்டினார். இப்படியாகப் பழைய நோட்டில் மிச்சமிருந்த வெற்றுப் பக்கங்கள் நிரம்பத் தொடங்கின.

எங்கள் வண்டி காலை எட்டரைக்குக் கிளம்பியது. அமர் மகால் சந்திப்பில் கிழக்கு எக்ஸ்பிரஸ் நெடுஞ்சாலையைப் பிடித்து சயான் வரும்வரை யாரும் கிரிக்கெட் பேசவில்லை. இடியாப்பத்துக்குச் சொன்ன ஆர்டரை ஒருவர் கடைசி நிமிடத்தில் ரத்து செய்த கதையைக் கேட்டரிங்காரர் சொல்லிக்கொண்டே வந்தார். வலப்பக்கம் தாராவி மழையில் மங்கலாகத் தெரிந்தது. கிங்ஸ் சர்க்கிளில் நிறுத்தி, மெட்ராஸ் கஃபேயின் வரிசையைப் பார்த்து மலைத்து, வேறொரு கடையில் காபி குடித்தோம்.

மாதுங்காவின் தட்கர் மைதானத்தில் முதல் ஏமாற்றம். தண்ணீர் தேங்கிவிட்டது, ஆட்டம் கிடையாது. காங்கா லீகுக்கே இப்படி என்றால் தண்ணீர் எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மைதானத்து மாலி குடைக்குக் கீழே உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்கு வெயில் வந்தால் ஆடலாம் என்றார். வெயில் வருவதாக இல்லை.

திலக் பாலம் ஏறி இறங்கி சிவாஜி பார்க். இங்கே கிரிக்கெட் ஒரு மதம் என்று எழுதுவது பத்திரிகைக்காரர்களின் பழக்கம். அப்படியென்றால் மூலவரும் இருக்கிறார். ரமாகாந்த் ஆச்ரேகரின் நினைவுச் சின்னத்தை 2024 டிசம்பரில் இங்கே திறந்துவைத்தவர் அவருடைய சீடர் சச்சின் டெண்டுல்கர். ஸ்டம்பின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, ஆட்டமிழக்காமல் நின்றால் அது உனக்கு என்று பந்தயம் கட்டியவர் ஆச்ரேகர். அப்படிச் சேர்த்த நாணயங்களை டெண்டுல்கர் பத்திரமாக வைத்திருக்கிறார். எங்களுக்கு இங்கே ஆறு கையெழுத்து கிடைத்தது. ஒரே பிரச்சினை பேனா. ஜெல் பேனா ஈரத்தில் கரைந்து ஓடும். மைப் பேனாவின் கதியை அப்பாவின் பக்கங்களே சொல்கின்றன. ஆகவே சாதாரண பால்பாயின்ட், பாலிதீன் உறைக்குள் நோட்டு, மேலே ஒருவர் குடை பிடிக்க வேண்டும். அன்று குடை என் பொறுப்பு.

மராத்தியில் இதற்கு 'ஸ்வாக்ஷரி' என்று பெயர். சொந்த எழுத்து. தமிழில் நாம் 'கையெழுத்து' என்கிறோம், பத்திரத்திலும் அலுவலகத்திலும் 'கையொப்பம்'. ஒப்பம் என்றால் சம்மதமும்தான். மொழிபெயர்ப்பில் பிழைக்கிறவனுக்கு இந்தச் சொற்களுக்குள் ஒரு வேறுபாடு தென்படும். சொந்த எழுத்தைத் தருவது வேறு, சம்மதம் தெரிவிப்பது வேறு. இந்த நண்பர்களின் மூன்றாண்டுக் கால சச்சரவு முழுவதும் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது என்பது எனக்குப் பிறகு புரிந்தது.

தெற்கு மும்பையில் மழை விட்டிருந்தது. ஆசாத் மைதானத்தில் 22 பிட்ச்கள். ஓர் ஆட்டத்தின் எல்லைக்கோட்டுக் காவலாள் இன்னோர் ஆட்டத்தின் ஸ்லிப்புக்குப் பின்னால் நிற்பார். யாருடைய பந்து எந்த ஆட்டத்துக்குச் சொந்தம் என்பது ஆடுகிறவர்களுக்குக் குழம்புவதில்லை, பார்க்கிறவர்களுக்குத்தான் குழம்பும். மைதானத்தின் தென் கோடியில் பாம்பே ஜிம்கானா. 1933 டிசம்பரில் இந்திய மண்ணின் முதல் டெஸ்ட் நடந்தது அங்கேதான். மைதானத்தை ஒட்டி கிளப்புகளின் டென்ட்கள். அவற்றில் ஒன்றில்தான் பதோஹியிலிருந்து வந்த யஷஸ்வி ஜெய்ஸ்வால் சிறுவனாக மாலிகளோடு தங்கி, மாலையில் பானி பூரி விற்றார். 2023இல் தன் முதல் டெஸ்ட்டில் 171 எடுத்தார்.

டென்ட்டில் முதலில் போய்ப் பார்க்க வேண்டியது ஸ்கோரரை. அவருக்கு எல்லாம் தெரியும். யார் எத்தனை ஆண்டாக ஆடுகிறார், யாருக்கு வேலை போய்விட்டது, யார் கல்யாணத்துக்குப் பின் மட்டையைத் தொடவில்லை. ஒரு காலத்தில் மும்பையில் கிரிக்கெட் ஆடினால் வேலை நிச்சயம். டாடா, மஃபத்லால், நிர்லான், ஏ.சி.சி., ஸ்டேட் பாங்க் என்று கம்பெனிகள் டைம்ஸ் ஷீல்டு பந்தயத்துக்காகவே ஆள் எடுத்தன. அந்த அலுவலக அணிகளில் பல இப்போது இல்லை. ஆலைகள் மூடின. ஐ.பி.எல். 2008இல் வந்த பிறகு மேலே இருக்கும் சில பேருக்குக் கோடிகள் கிடைக்கின்றன. அவர்களுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முன்பு கிடைத்த குமாஸ்தா நாற்காலி கிடைப்பதில்லை. நான் பார்த்த வரையில் மும்பை கிரிக்கெட்டின் மிகப் பெரிய இழப்பு இதுதான். நட்சத்திரங்கள் காங்கா லீக் ஆட வருவதில்லை என்று புலம்புகிறவர்கள் இதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஸ்கோரர் கைகாட்டிய ஆள் நாற்பதை எட்டியவர். மிதவேகப் பந்து வீச்சாளர். மாநகராட்சியில் வேலை. இருபது ஆண்டுக்கு மேலாக இதே கிளப், 'எஃப்', 'ஜி' பிரிவுகளைத் தாண்டியதில்லை. அன்று நான்கு விக்கெட் எடுத்துவிட்டுக் குனிந்து ஷூவின் சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். ரயில்வே நண்பர் நோட்டை நீட்டினார்.

"மேரா? கிஸ்லியே?" என்றார். என்னுடையதா, எதற்கு?

நாங்கள் ஏதோ மனுவில் கையெழுத்து வாங்க வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் ஒரு முறை டென்ட்டைத் திரும்பிப் பார்த்தார். கேலி செய்கிறார்களோ என்று சந்தேகம். பிறகு பேனாவை வாங்கி, செக்கில் போடுவது போல் மூன்று எழுத்தில் ஒரு கிறுக்கல் கிறுக்கினார். அதைச் சற்று நேரம் பார்த்தார். சரியில்லை, இன்னொரு முறை போடட்டுமா என்று கேட்டார். இந்த முறை முழுப் பெயரையும் தேவநாகரியில் நிதானமாக எழுதி, கீழே கிளப்பின் பெயரையும் அன்று எடுத்த விக்கெட்டையும் போட்டார். செல்போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டார். மனைவிக்கு அனுப்பத்தானாம். பிறகு எங்களுக்குக் கட்டிங் சாய் சொன்னார், காசு கொடுக்க விடவில்லை.

"இந்த நோட்டை விற்றால் என்ன கிடைக்கும்?" என்று நான் வண்டியில் கேட்டேன். பாங்க் நண்பர் ஏற்கெனவே விசாரித்திருக்கிறார். விளையாட்டு நினைவுப் பொருள்கள் விற்கும் ஒருவர் பக்கங்களைப் புரட்டி, ஏழெட்டுப் பெயர்களுக்கு மட்டும் விலை சொன்னாராம். மற்றதைக் கிழித்து எடுத்துவிட்டால் அடக்கமாக ஒரு ஆல்பம் போடலாம் என்று யோசனையும் சொன்னாராம். அதோடு நோட்டு மறுபடி பாலிதீன் உறைக்குள் போய்விட்டது.

அந்த ஏழெட்டில் ஒன்று அண்மையில் விலை கூடியிருக்கும். 1988 பிப்ரவரியில் இதே ஆசாத் மைதானத்தில், ஹாரிஸ் ஷீல்டு பள்ளிப் பந்தயத்தில், டெண்டுல்கரும் வினோத் காம்ப்ளியும் பிரியாமல் 664 ரன் சேர்த்தார்கள். அடுத்து இறங்க வேண்டிய பையன் காலில் பேடு கட்டிக்கொண்டு காத்திருந்தான். அவனுக்கு முறை வரவே இல்லை. அவன்தான் அமோல் முஜும்தார். 1993-94இல் ரஞ்சியில் முதல் ஆட்டத்திலேயே 260 எடுத்தார், முதல்தர ஆட்டத்தில் அறிமுக வீரர் எடுத்த ரன்னில் அப்போதைய உலக சாதனை அது. முதல்தர ஆட்டங்களில் 11,000 ரன்னைத் தாண்டினார். இந்தியாவுக்காக ஆடும் வாய்ப்பு மட்டும் வரவில்லை. கேட்டரிங்காரர் ஒரு ரஞ்சி ஆட்டத்தில் வாங்கிய அவருடைய கையெழுத்தைப் பிறகு இந்த நோட்டில் ஒட்டியிருக்கிறார்கள். 2025 நவம்பர் 2 அன்று, திலக் நகரிலிருந்து ஹார்பர் ரயிலில் போனால் எட்டிவிடுகிற நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானத்தில், இந்தியப் பெண்கள் அணி தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று உலகக் கோப்பையைத் தூக்கியது. பயிற்சியாளர் முஜும்தார். அணித்தலைவி ஹர்மன்ப்ரீத் கௌர் அவர் காலைத் தொட்டு வணங்கியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. "அன்றைக்கு ராத்திரி இவர் எனக்குப் போன் பண்ணி, நோட்டு பத்திரமா இருக்கான்னு கேட்டார்" என்று கேட்டரிங்காரரைக் காட்டிச் சிரிக்கிறார் ரயில்வே நண்பர்.

மும்பையில் வாழும் தமிழனுக்கு ரஞ்சி ஆட்டத்தில் யாருக்குக் கைதட்டுவது என்ற சங்கடமும் உண்டு. 2024 மார்ச்சில் மும்பையும் தமிழ்நாடும் அரையிறுதியில் மோதியது பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸில், செம்பூர் இணைப்புச் சாலையில் இவர்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில். தமிழ்நாடு 146, 162. மும்பை ஒரே இன்னிங்ஸில் 378. ஒன்பதாவது ஆளாக இறங்கிய ஷர்துல் டாக்குர் 109 அடித்தார். மூன்றே நாளில் கதை முடிந்தது. நோட்டின் அந்தப் பக்கத்தில் தமிழில் எழுதிய கையெழுத்து ஒன்று இருக்கிறது. அப்பாவின் 'பாவி'க்குப் பிறகு அந்த நோட்டில் ஏறிய தமிழ் அதுதான். மைதானத்தில் இவர்கள் கைதட்டியது மும்பைக்கு, வீட்டுக்கு வந்து வருத்தப்பட்டது தமிழ்நாட்டுக்கு.

சச்சரவு பற்றிச் சொன்னேன். அது பள்ளிப் பையன்களைப் பற்றியது. காங்கா லீக்கில் பையன்கள் ஆட வயதுத் தடை பெரிதாக இல்லை. டெண்டுல்கரே 11 வயதில் ஜான் பிரைட் கிளப்புக்காக ஆடியவர். அடுத்த டெண்டுல்கரின் கையெழுத்து நம்மிடம் இருந்தால் எப்படி இருக்கும் என்பது பாங்க் நண்பரின் ஆசை. சேகரிப்பின் சுவையே அதுதான் என்கிறார். புகழ் வந்தபின் வாங்குவதற்கு நோட்டு எதற்கு, காசு போதும்.

ரயில்வேக்காரர் ஒத்துக்கொள்வதில்லை. அவர் சொல்லும் உதாரணம் கல்யாண் பையன் பிரணவ் தனவடே. 2016 ஜனவரியில், 15 வயதில், பள்ளி ஆட்டம் ஒன்றில் ஆட்டமிழக்காமல் 1009 ரன் எடுத்தவன். 1899இல் இங்கிலாந்தில் ஏ.இ.ஜே. காலின்ஸ் என்ற பள்ளிச் சிறுவன் எடுத்த 628ஐ முறியடித்தான். அப்பா ஆட்டோ ஓட்டுநர். எதிரணி 31, 52 ரன்னுக்குச் சுருண்ட ஓர் அணி என்பதைச் சொல்ல அன்று யாருக்கும் மனம் வரவில்லை. உலகமெங்கும் படம் வந்தது, கேமராக்கள் வீட்டு வாசலில் நின்றன. மும்பை கிரிக்கெட் சங்கம் மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகை அறிவித்தது. இரண்டு ஆண்டு ஆவதற்குள், ஆட்டம் சரியில்லை, தொகையை நிறுத்திக்கொள்ளுங்கள் என்று குடும்பமே சொல்லிவிட்டது. அந்த நேர்மையைப் பற்றி 1009ஐ எழுதிய அளவுக்கு யாரும் எழுதவில்லை. "13 வயசுப் பையன்கிட்ட ஆட்டோகிராஃப் கேட்டா, நீ பெரிய ஆள் ஆகியே தீரணும்னு சொல்றதா அர்த்தம். அதைச் சொல்ல நாம யாரு?" என்பது ரயில்வேக்காரரின் கட்சி.

முடிவில் பாங்க் நண்பரின் தொழிலிலிருந்தே ஒரு விதி கிடைத்தது. 18 வயதுக்குக் கீழே போட்ட கையெழுத்து பாங்க் கடனுக்குச் செல்லாது. நோட்டிலும் செல்லாது.

அன்று மாலை கிராஸ் மைதானத்தில் அந்த விதிக்குச் சோதனை வந்தது. மெலிந்த பையன், லெக் ஸ்பின் போடுகிறவன். ஈரப் பந்தை ஓவருக்கு நாலு முறை கால்சட்டையில் துடைத்துத் துடைத்து, ஐந்து பெரியவர்களை அவுட் ஆக்கியிருந்தான். ஐந்தாவது ஆள் பந்து எங்கே போனது என்று இன்னும் தேடிக்கொண்டிருந்திருப்பார். ஸ்கோரரிடம் வயது கேட்டோம், 14 என்றார். பாங்க் நண்பர் நோட்டைக் கையில் எடுத்துவிட்டார். நாங்கள் தமிழில் வாக்குவாதம் செய்வது பையனின் காதில் விழுந்திருக்கிறது.

"அங்கிள், நீங்க தமிழா?" என்று பக்கத்தில் வந்து நின்றான். தாராவி, 90 அடி சாலைப் பக்கம். பூர்விகம் திருநெல்வேலி. அப்பா தையல் யூனிட்டில் வேலை. விஷயம் தெரிந்ததும் பேனாவுக்குக் கையை நீட்டிவிட்டான். எத்தனை நாள் பழகி வைத்த கையெழுத்தோ.

ரயில்வேக்காரர் நோட்டை மெதுவாக வாங்கிக்கொண்டார். "வேண்டாம் தம்பி. உன் பேரையும் இன்றைய கணக்கையும் நானே எழுதிக்கிறேன். 18 வயசாகட்டும், நாங்களே தேடி வந்து வாங்கிக்கிறோம். நீ அப்ப எதுல ஆடினாலும் சரி, ஆடாட்டியும் சரி."

பையனின் முகம் வாடியது. ஆனால் அவன் கேட்டது வேறு. "எங்க வந்து தேடுவீங்க? எங்க வீட்டுக்கு நம்பர் போட்டுட்டுப் போயிருக்காங்க. மாடி வீடு. அப்ப நாங்க எங்க இருப்போம்னு தெரியாது."

தாராவியின் கதை நாளிதழ் படிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். சீரமைப்புத் திட்டம் 2022இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருந்தவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. மாடியில் இருப்பவர்களுக்கும் பின்னால் வந்தவர்களுக்கும் வேறு இடத்தில்தான். எந்த இடம், எந்த ரயில் நிலையம், அங்கிருந்து கிராஸ் மைதானத்துக்கு விடியற்காலையில் கிட் பையோடு ஏற முடியுமா என்பதெல்லாம் 14 வயது லெக் ஸ்பின்னருக்கு யாரும் சொல்லவில்லை.

ரயில்வேக்காரர் சற்று யோசித்தார். தன் பழைய கட்டடமே இன்று இல்லை என்பது அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பிறகு பையனின் பெயருக்குக் கீழே கிளப்பின் பெயரை எழுதி, வீட்டு விலாசம் இருக்க வேண்டிய இடத்தில் டென்ட்டின் இடத்தைக் குறித்துக்கொண்டார். ஸ்கோரரை அழைத்து, பையன் கிளப் மாறினால் எங்கே போனான் என்று எழுதி வைக்கச் சொன்னார். ஸ்கோரர் தன் சொந்த நோட்டை எடுத்து, நான்கு ஆண்டு தள்ளி ஒரு தேதி போட்டு, ரயில்வேக்காரரின் போன் நம்பரை எழுதிக்கொண்டார்.

"கையெழுத்துப் போடுங்க" என்று அந்த நோட்டை எங்கள் பக்கம் திருப்பினார். நாலு பேரும் போட்டோம். மழை மறுபடி பிடித்தது. அம்பயர் வானத்தைப் பார்த்தார், ஆட்டத்தை நிறுத்தவில்லை. பையன் பந்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஓவருக்கு ஓடினான்.